புறங்கையில் ஓடும் நாடாக்கள்

ஆத்தங்குடியில் தரைக்கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள். அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டைப் பரப்புகிறார்கள். நாளெல்லாம் கண்ணாடியோடு புழங்கும் கையில் கீறல் விழாமல் இராது. உள்ளங்கை கிழிந்தால் பதறுகிறோம். புறங்கை வெட்டுக்கு மஞ்சளை அப்பிவிட்டு வேலைக்குத் திரும்புகிறோம். அங்கேதான் தோல் மெல்லியது; அதற்கு நேர் கீழே, தசையை எலும்போடு பிணைக்கும் கயிறுகளான தசைநாண்கள் விரலை நீட்டுவதற்காக ஓடுகின்றன.

ஊரில் "நரம்பு அறுந்துபோச்சு" என்பார்கள். பெரும்பாலும் அறுந்தது நரம்பல்ல, தசைநாண். விரலை நீட்டும் முக்கியத் தசை முன்கையில் இருக்கிறது. அதிலிருந்து 4 தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்கு வருகின்றன. வரவர நாடாபோலத் தட்டையாகின்றன.

நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளங்கையை மேசையில் ஊன்றுங்கள். இப்போது மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். அநேகமாக எழும்பாது. பக்கத்துத் தசைநாண்களைப் புறங்கையில் குறுக்குப் பட்டைகள் பிணைத்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஏமாற்றுவதும் இந்தப் பிணைப்புதான். பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் ஒரு தசைநாண் முழுதாக அறுந்தாலும், பக்கத்து விரல் அதை இழுத்து ஓரளவு நீட்டிவிடும். "விரல் அசைகிறதே" என்று வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால்தான் மருத்துவர் ஒவ்வொரு விரலையும் தனித்தனியே அழுத்தி, எதிர்த்துத் தூக்கச் சொல்கிறார்.

விரல் நுனியில் தசைநாண் அறுபட வெட்டுகூட வேண்டாம். மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகும்போதோ கிரிக்கெட் பந்து இடித்தோ கடைசிக் கணு சட்டென்று மடிந்தால் போதும். தசைநாண் பிய்ந்து நுனி தொங்கிவிடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. கடைசிக் கணுவை மட்டும் நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளிண்டை 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் அணிய வேண்டும். கழுவுவதற்குக் கழற்றினாலும் விரலை மேசையில் தட்டையாக வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒருமுறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இறுகும் முன் கல்லை அசைத்தால் என்ன ஆகும் என்று ஆத்தங்குடிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனால் புறங்கையில் தைத்த தசைநாணுக்கு இதே பொறுமை கெடுதலாகிவிடும். அசையாமலே வைத்திருந்தால் தழும்பு எலும்போடும் தோலோடும் ஒட்டிக்கொள்ளும். பிறகு விரல் மடங்காது. இதற்கு ஓர் அழகான தந்திரம் உண்டு. காயம்பட்ட விரலை மற்ற விரல்களைவிட 15 முதல் 20 டிகிரி உயர்த்திப் பிடிக்கும் சின்ன ஸ்பிளிண்ட் அது. நான்கு தசைநாண்களையும் இழுப்பது ஒரே தசை என்பதால், உயர்ந்திருக்கும் விரலின் நாண் தளர்ந்தே இருக்கும். தையலில் இழுப்பு விழாது. ஆனால் நாண் நகர்ந்துகொண்டிருக்கும். சில நாட்களிலேயே கையை இலேசான வேலைக்குப் பயன்படுத்தலாம்.

இந்த வாரங்களில் யாராவது எண்ணெய் தடவி விரலை உருவிவிட வந்தால் கையைக் கொடுக்காதீர்கள், தையல் பிய்ந்துவிடும். எப்போது, எவ்வளவு மடக்கலாம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். ஈரக் கற்களை அடுக்கோடு தூக்குவதற்குச் சுமார் 12 வாரம் ஆகும்.