முனைப்பூண்: தொப்பியூசியின் கூருக்கு ஒரு தமிழ்ச் சொல்

பழைய நகைகளின் விற்பனைப் பட்டியல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. தோடு, பதக்கம், மோதிரம் என்று எல்லாம் சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு படம் வந்தது. வெள்ளியில் செய்த சின்னக் குமிழ், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஓக் மரத்துக் கொட்டை போன்ற வடிவம். அடியில் ‘ஹாட்பின் பாயிண்ட் புரொடெக்டர்’ என்று எழுதியிருந்தது. கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். ‘தொப்பி முள் புள்ளி பாதுகாவலர்’ என்றது. தொப்பிக்குப் பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு காவல் நிற்பது மாதிரி இருந்தது.

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம்.

ஹாட்பின் என்பது தொப்பியைத் தலைமுடியோடு சேர்த்துக் குத்தும் நேரான நீண்ட எஃகு ஊசி. ஒரு முனையில் கண்ணாடியோ வெள்ளியோ கல்லோ பதித்த அழகான கொண்டை இருக்கும். மறுமுனை கூர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் முன்பு பானெட் என்ற தலையணியை மோவாய்க்குக் கீழே நாடாவால் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வார்கள். நாடா இல்லாத தொப்பிகள் புழக்கத்துக்கு வந்ததும் அவற்றைத் தலையில் நிறுத்த வேறு வழி வேண்டியிருந்தது. 1880-களிலிருந்து 1920 வரை அந்த வேலையைப் பார்த்தது இந்த ஊசிதான்.

இதைக் கொண்டை ஊசி என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. கொண்டை ஊசி முடியை முடியோடு பிடிப்பது, நடுவில் வளைந்தது. அந்த வளைவு நமக்கு எவ்வளவு பழக்கம் என்றால் மலைப்பாதைத் திருப்பத்துக்கே அதன் பெயரை வைத்துவிட்டோம். வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஹாட்பின்னில் வளைவே கிடையாது. நேராக ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். அதனால் தொப்பியூசி என்றே சொல்வோம். தொப்பி உருதிலிருந்து வந்த சொல்தான், ஆனால் நம் வீட்டுப் பிள்ளையாகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஊசியோ நம்மிடம் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையில் ஓடும் ‘போழ்தூண்டு ஊசி’யின் வேகத்தைப் புறநானூற்றின் 82-ஆம் பாட்டு ஒரு போரின் வேகத்துக்கு உவமையாகச் சொல்கிறது.

சரி, ஊசி மறுபக்கம் வெளியே வரும் என்றேன் அல்லவா, தொல்லை அங்கேதான் தொடங்கியது. தலைமுடியை உள்ளே திண்டு வைத்து உப்பலாகத் தூக்கி வாருவது அன்றைய நாகரிகம். சீப்பில் உதிரும் முடியை மூடியில் ஓட்டை போட்ட பீங்கான் கிண்ணத்தில் சேர்த்துவைத்து, அதிலிருந்தே அந்தத் திண்டுகளைச் செய்துகொள்வார்கள். நம் வீடுகளில் உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்துச் சவுரி கட்டிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த உப்பல் முடிமேல் உட்கார்ந்த தொப்பி வருடத்துக்கு வருடம் அகலமானது. 1907-இல் லண்டனில் ‘தி மெர்ரி விடோ’ என்ற இசை நாடகம் மேடையேறியபோது, லூசில் என்ற உடை வடிவமைப்பாளர் அதன் நாயகி லில்லி எல்சிக்கு ஒரு மாபெரும் தொப்பி செய்துகொடுத்தார். அந்த நாடகத்தின் பெயரையே தாங்கிக்கொண்டு அந்தத் தொப்பி தெருவெல்லாம் பரவியது. தொப்பி பெருக்கப் பெருக்க ஊசியும் நீண்டது. பத்து, பன்னிரண்டு அங்குல ஊசிகள் சாதாரணமாகிவிட்டன. ஒரு தொப்பிக்கு ஒன்று போதாமல் இரண்டு, மூன்று குத்தினார்கள்.

இப்போது கூட்டமான ஒரு டிராம் வண்டியை நினைத்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கிற பெண் சட்டென்று தலையைத் திருப்புகிறாள். பக்கத்தில் இருப்பவரின் கன்னமும் கண்ணும் எந்த உயரத்தில் இருக்கின்றனவோ, ஏறக்குறைய அதே உயரத்தில் மூடாத எஃகு முனை ஒன்று திரும்புகிறது.

வேண்டுமென்றே குத்தியதும் உண்டு. 1903-இல் கன்சாஸிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஓர் இளம்பெண், ஃபிஃப்த் அவென்யூ வண்டியில் தன்மேல் கைபோட்ட முதியவரின் கையில் தொப்பியூசியை இறக்கினார். செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. தனியாக வேலைக்கும் கடைக்கும் போகத் தொடங்கியிருந்த பெண்களுக்கு இது தலையிலேயே இருந்த ஆயுதம். கொண்டாட்டம் ஏழு ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1910 மார்ச்சில் சிகாகோ நகர மன்றம் நீண்ட தொப்பியூசிகளுக்குத் தடை போட்டது. மீறினால் 50 டாலர் வரை அபராதம். தீர்மானத்துக்கு ஆதரவு 68, எதிர்ப்பு 2. மில்வாக்கி, பிட்ஸ்பர்க், நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களும் இதே வழியில் விதி செய்தன. சிட்னியில் 1912-இல் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன பெண்கள் உண்டு. தெருவில் ஆண்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் ஊசி எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியின் பக்கம்தான் நான் நிற்பேன். ஆனால் டிராமில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த பாவத்துக்காக ஒருவர் கண்ணை இழக்கவும் முடியாதே.

இந்தச் சிக்கலுக்கு நகைக்கடைக்காரர்கள் கண்ட சமரசம்தான் அந்தச் சின்ன வெள்ளிக் குமிழ். ஊசியின் கூரில் செருகிவிடலாம். உள்ளே தக்கையோ ரப்பரோ வைத்தது ஒருவகை, சின்ன வில்லால், அதாவது ஸ்பிரிங்கால், ஊசியைக் கவ்விப் பிடிப்பது இன்னொருவகை. தொப்பிக்கு வெளியே தெரிகிற இடமாயிற்றே, அதனால் வெறும் தகரத்தை யாரும் விரும்பவில்லை. ஊசியின் கொண்டைக்கு இணையாக அதே கல், அதே கண்ணாடி, அதே வேலைப்பாட்டில் செய்தார்கள். இரண்டையும் மாட்டிக்கொண்டால் தொப்பியின் இருபக்கமும் ஒரே மாதிரி மின்னும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் வெள்ளித் தொப்பியூசிகளுக்குப் பேர்போன சார்லஸ் ஹார்னரின் பட்டறை இருந்தது. அங்கே செய்த ஊசிகளின் கொண்டைகளைப் பார்த்தால், இவ்வளவு அழகான ஒன்றின் மறுமுனையில் ஒரு தக்கைத் துண்டைச் செருக யாருக்கும் மனம் வந்திருக்காது என்று புரியும்.

ஆங்கிலத்திலும் இதற்கு ஒரே பெயர் நிலைக்கவில்லை. பாயிண்ட் புரொடெக்டர், ஹாட்பின் கார்ட், நிப் என்று பல பெயர்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு படம் இருக்கிறது. புரொடெக்ட் என்பதன் வேர் லத்தீன், ‘முன்னால் மூடு’ என்பது அதன் பழைய பொருள். ஆக, புரொடெக்டர் அடிப்படையில் ஒரு மூடிதான். கார்ட் பிரெஞ்சு வழியாக வந்தது. ஆஸ்பத்திரியிலும் மாநகராட்சியிலும் நாம் சொல்கிற வார்டுக்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் காவல் என்பதே பழைய பொருள். நிப் என்பது பேனாவில் இருக்கும் அதே நிப்புதான், பறவையின் அலகைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. கூரை மூடுகிற பொருளுக்குக் கூரின் பெயரே வந்துவிட்டது வேடிக்கை. நம்மிடமும் இப்படி நடப்பதுண்டு, அதை இங்கே விரிக்க வேண்டாம்.

இனி தமிழுக்கு வருவோம். ‘தொப்பியூசி முனைப் பாதுகாப்பான்’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் அரசாணையில் வருகிற கருவியின் பெயர் போல இருக்கிறது. அந்தப் பொருளின் உயிரே அது நகை என்பதில் இருக்க, பாதுகாப்பான் என்ற சொல்லில் நகைக்கு இடமே இல்லை. கூரையும் மூட வேண்டும், அழகும் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற தமிழ்ச் சொல் உண்டா என்று தேடினேன்.

முதலில் நினைவுக்கு வந்தது திருகாணி. தோட்டின் தண்டு காதின் பின்பக்கம் வெளியே வரும், அதில் திருகாணியைப் போட்டு முறுக்குவோம். ஊசியும் அப்படித்தான் மறுபக்கம் வருகிறது, குமிழும் அப்படித்தான் ஏறுகிறது. ஆனால் திருகாணி தோட்டுக்குச் சொந்தக்காரியின் நன்மைக்கு, அது கழன்றால் தோடு போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு திருகாணிக்காகக் குளியலறைச் சாக்கடையைக் கலைத்துப் பார்த்த நாள் உண்டு. தொப்பியூசியின் குமிழ் கழன்றாலும் தொப்பி பெரும்பாலும் தலையில்தான் இருக்கும், ஆபத்து பக்கத்தில் இருப்பவருக்கு. அதோடு இந்தக் குமிழ் எல்லாமே திருகுவதும் இல்லை, வெறுமனே செருகுகிற வகைகள் நிறைய. ஆகவே திருகாணி வேண்டாம்.

அடுத்தது குப்பி. இதை நினைத்தவுடன் துள்ளினேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பைச் சீவி வண்ணம் பூசி, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டிச் சலங்கை கட்டுவார்கள். கூரான கொம்பின் முனையில் உட்காரும் பளபளக்கும் மூடி! மாடு தலையைத் திருப்பினால் பக்கத்தில் நிற்பவருக்குக் காயம் குறைவு, பார்க்கிறவர்களுக்கு அழகு. வேலை அப்படியே பொருந்துகிறது. இன்னும் கேளுங்கள், பெண்களின் சடை நுனியில் தொங்கும் அணிக்கும் குப்பி என்று பெயருண்டு. முடி, கூர், மூடி, நகை என்று நான்கும் ஒரே சொல்லில்.

ஆனால் ‘ஊசிக் குப்பி’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடுப்பூசி மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிப் புட்டிதான் கண்ணில் வரும். இன்றைய வழக்கில் குப்பி மருந்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பக்கத்தில் ஊசி வேறு வந்தால் பிரிக்கவே முடியாது. நல்ல சொல் கைநழுவிய வருத்தத்தோடு அதை மாடுகளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

காப்பு என்பதையும் எடைபோட்டேன். காவலுக்கும் காப்புதான், கையில் போடும் வளையத்துக்கும் காப்புதான். காப்பும் நகையும் ஒன்றாகிய சொல் என்பதில் குறையில்லை. ஆனால் ‘ஊசிக் காப்பு’ என்றால் ஊசியை வளைத்துச் செய்த வளையல் போலத் தோன்றுகிறது. வடிவம் உதைக்கிறது.

கடைசியில் நின்றது பூண். உலக்கையின் அடியில் போட்டிருக்கும் இரும்பு வளையத்தைப் பூண் என்பார்கள். கைத்தடியின் நுனியில் மாட்டியிருக்கும் பித்தளைத் தொப்பியும் பூண்தான். ஒரு பொருளின் முனையில் இறுக்கமாக ஏறி உட்கார்ந்து அந்த முனையைக் கவனித்துக்கொள்வது பூணின் வேலை. அதே சொல்லுக்கு அணிகலன் என்ற பொருளும் பழைய இலக்கியம் முழுக்க இருக்கிறது. மார்பில் பூண் அணிந்த மன்னர்கள் சங்கப் பாடல்களில் எத்தனையோ பேர். இந்த இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்று: பூணுதல், அதாவது அணிதல், மேலே ஏற்றிக்கொள்ளுதல். நகை பூண்பார்கள், வேடம் பூண்பார்கள், எருது நுகம் பூணும். பிறரைப் பூணச் செய்தால் அது பூட்டுதல். வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம், கழுத்தில் சங்கிலி பூட்டுகிறோம், வீட்டுக்கதவுக்குப் போடும் பூட்டும் அந்தக் குடும்பம்தான். அந்த வெள்ளிக் குமிழைத் திரும்பப் பார்த்தேன். முனையில் ஏறுகிறது, நகையாக மின்னுகிறது, ஊசி நழுவாமல் பூட்டியும் வைக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூன்று பொருளும் இந்தச் சின்னப் பொருளில் வந்து உட்காருகின்றன.

ஆகவே முனைப்பூண். தனியாக வந்தால் குழப்பம் வரும் இடத்தில் ‘தொப்பியூசி முனைப்பூண்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் முனைப்பூண் என்றே தொடரலாம். மேல் முனையில் இருக்கும் அலங்காரத்தைக் கொண்டை என்று சொன்னால், ஊசியின் இரு முனைக்கும் இரண்டு பெயர் கிடைத்துவிடுகின்றன.

தொப்பியூசிக்கு மட்டும் இந்தச் சொல்லைக் கட்டிப்போட வேண்டியதில்லை. சட்டையில் குத்தும் சின்னத்தின் பின்பக்கம் ஊசியைக் கவ்வும் உலோகத் துண்டு, ஹிஜாப் ஊசிகள் சிலவற்றின் கூரில் செருகும் மணி, இவற்றுக்கும் பொருந்தும். ஊக்குக்கு மட்டும் தேவைப்படாது. நாம் ஊக்கு என்றும் சேஃப்டி பின் என்றும் சொல்வதற்கு 1849-இல் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கிய வால்டர் ஹன்ட், கூரை மறைக்கும் கூட்டை ஊசியின் உடம்போடு சேர்த்தே வைத்துவிட்டார். வாங்கிய கையோடு உரிமையை 400 டாலருக்கு விற்றும்விட்டார், பாவம். ஊக்கில் மூடி தொலையாது. முனைப்பூண் தனித் துண்டு, எளிதில் தொலையும். அதனால்தான் ஊசியும் பூணும் பிரியாமல் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் விடுவதில்லை.

அந்த ஊசியின் காலம் நீளவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள். 1920-களில் குளோஷ் என்ற தொப்பி வந்தது. பிரெஞ்சில் அதற்கு மணி என்று பொருள், கவிழ்த்த மணி போலத் தலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குத்துவதற்கு முடியும் இல்லை, குத்த வேண்டிய அவசியமும் இல்லை.

பட்டியலில் நான் கடைசியாக எழுதியது இது: ‘தொப்பியூசி, வெள்ளிக் கொண்டை, இணையான முனைப்பூணுடன்.’ அச்சுக்கு அனுப்புவதற்கு முன் மெய்ப்புப் பார்த்தபோது ஒரு திருத்தம் தேவைப்பட்டது. பன்மையைப் ‘பூண்கள்’ என்று எழுத வேண்டும். தட்டச்சு செய்தவர் இன்னொரு பதிவில் ‘முனைப்பூண்டுகள்’ என்று அடித்திருந்தார். நகைப் பட்டியலில் பூண்டு வாசனை.