பழைய மிஷினுக்குப் புது கம்ப்யூட்டரா? முதலில் கார்டைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு பட்டறைக்காரர் வந்தார். இடி விழுந்து, லேத்தை ஓட்டும் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. மறுநாளே கோயம்புத்தூர் போய்ப் புதிது வாங்கிவிட்டார். லேத்தை ஆட்டுவிக்கும் பழைய கண்ட்ரோல் கார்டு பிசிஐ வகை, அதாவது மதர்போர்டில் கார்டு சொருகும் ஒரு பழைய இணைப்பு முறை. புது போர்டில் அந்த ஸ்லாட்டே இல்லை. ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினார். கார்டு உட்கார்ந்தது, லேத் அசையவில்லை.

"தம்பி, கார்டும் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். குரல் தழுதழுத்தது.

கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் சாதனங்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு, பெயர் தெரியாத ஒரு சாதனம் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு பிசிஐ கார்டும் தன்னைச் செய்த கம்பெனிக்கு ஓர் எண், தனக்கு ஓர் எண் என்று இரண்டைச் சுமந்திருக்கும். விண்டோஸ் ஸ்லாட் ஸ்லாட்டாகப் போய் அந்த எண்களைக் கேட்டு வாங்கும். நடுவில், ஒரு வகை இணைப்பை இன்னொரு வகையோடு சேர்க்கும் பிரிட்ஜ் சிப் இருந்தால் அதைத் தாண்டியும் போய்க் கேட்கும். கன்வெர்ட்டரில் இருப்பது அந்தச் சிப்தான். எண் வந்துவிட்டதால் கார்டுக்கு உயிர் இருக்கிறது என்று நம்பலாம். பிறகு ஏன் ஓடவில்லை? கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராம்தான் டிரைவர். இந்தக் கார்டின் டிரைவர், பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதிய 32 பிட் வகை. புதிதில் இருப்பதோ 64 பிட் விண்டோஸ். அதில் 32 பிட் டிரைவர் ஏறவே ஏறாது.

ஸ்லாட்டில் பொருந்தினால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. பஸ், அதாவது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு முறை, ஒத்துப்போக வேண்டும், அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு டிரைவரும் இருக்க வேண்டும்.

பிசிஐ 1992இல் வந்தது. அதற்கு முந்திய ஐஎஸ்ஏ கார்டுகள் இன்னும் சில பட்டறைகளில் ஓடுகின்றன. கறுப்பாக நீளமாக இருக்கும் ஸ்லாட் அது. அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாது. கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிடப் பயன்படுத்தும் ஐஆர்க்யூ எண்ணை, ஜம்பர் என்ற குட்டிச் செருகியை மாற்றி நாமே வைக்க வேண்டும். இரண்டு கார்டுக்கு ஒரே எண் விழுந்தால் பெரும்பாலும் இரண்டும் தகராறு செய்யும். அதனால் ஜம்பரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரலல் போர்ட்டில், அதாவது பழைய பிரிண்டர் மாட்டும் அகலமான சாக்கெட்டில், ஓடும் பழைய மிஷினுக்கு, யுஎஸ்பி பிரிண்டர் கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்று விற்கிறார்கள். விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து புரோகிராம், அந்த போர்ட்டுக்கென்று கம்ப்யூட்டரில் உள்ள முகவரி எண்ணுக்கு நேரடியாக எழுதும். அந்தக் கேபிளோ பிரிண்டருக்கு மட்டும் பேசும், அந்த முகவரியே அங்கே இருக்காது. காசு வீண்.

பட்டறைக்காரருக்கு, பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து எக்ஸ்பியையே ஏற்றினேன். அதற்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டேன். பென் டிரைவையும் சோதித்த பிறகே சொருகச் சொன்னேன். புது கம்ப்யூட்டர் இப்போது பில் போடுகிறது.

அவரிடம் இன்னொரு லேத்தும் இருக்கிறது. அதுவும் எக்ஸ்பிதான், இன்னும் கெடவில்லை. போன வாரம் போய் ஹார்டு டிஸ்கை அப்படியே நகல் எடுத்தேன், டிரைவர் சிடியையும் காப்பி செய்தேன். கார்டின் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.