நீதிபதி மனதில் முதலில் தோன்றுவது

யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் ஓர் எல்லை வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலிக் கதியாலைத் தள்ளிப் போட்டது யார், பங்குக் கிணற்றுக்குப் போகிற வழி யாருடையது என்பதுதான் பிணக்கு. காணி உறுதி, நில அளவைப் படம், சாட்சியம் எல்லாம் வரும். எல்லாம் முடியுமுன்னரே 'இவர் பக்கந்தான் நியாயம் போல' என்றொரு எண்ணம் நீதிபதிக்குள் எழுந்துவிடலாம். தீர்ப்பு அப்படித்தான் பிறக்கிறது, காரணம் பிறகுதான் வருகிறது என்று 1929இல் துணிந்து எழுதியவர் அமெரிக்க நீதிபதி ஜோசப் ஹட்சிசன்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பல ஆண்டுகளாகக் கேட்ட வழக்குகள் நினைவில் கிடக்கின்றன. புதிய வழக்கு அவற்றில் ஒன்றை ஒத்திருந்தால், யோசிக்குமுன்னரே மூளை விடையை நீட்டிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், சம்பந்தமில்லாத ஒன்றும் அதே வாசலால் நுழையும். ஜேர்மனியச் சட்டத்துறையினரிடம் ஒரு கடைத்திருட்டு வழக்கைக் கொடுத்துத் தாயக்கட்டை உருட்டச் சொன்னார்கள். விழும் கூட்டுத்தொகையே அரசதரப்பு கேட்கும் தண்டனை மாதங்கள். கட்டைகள் 3 அல்லது 9 மட்டுமே விழும்படி செய்யப்பட்டவை. உருட்டியது தங்கள் கைதான் என்று தெரிந்தும், 3 விழுந்தவர்கள் சராசரியாக ஐந்து மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், 9 விழுந்தவர்கள் ஏறத்தாழ எட்டு மாதமும் விதித்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு இது.

அப்படியானால் எந்த உள்ளுணர்வை நம்பலாம்? உளவியலாளர்கள் டானியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் இரண்டு நிபந்தனை சொன்னார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும், பிழை விட்டால் அது விரைவில் தெரியவேண்டும். குருநகரில் காற்றைப் பார்த்து மீன்பிடித் தொழிலுக்கு இறங்குபவருக்கு அன்றைக்கே கடல் பதில் சொல்லிவிடும். நீதிபதிக்கு? சாட்சி உண்மையில் பொய் சொன்னாரா என்று பெரும்பாலும் ஒருநாளும் தெரியவராது. மேன்முறையீடு வந்தாலும் ஆண்டுகள் கழித்துத்தான், அதுவும் சட்டப்பிழை பற்றித்தான் பெரும்பாலும் பேசும். பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மனிதர் சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 187ஆம் பிரிவில், முடிவோடு அதற்கான காரணங்களையும் எழுதச் சொல்கிறது. வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும். எழுதத் தொடங்கும்போதுதான் சில எண்ணங்கள் எழுத்தில் நிற்க மறுக்கும். அந்த இடத்தில் நீதிபதி பக்கம் மாறியும் இருக்கலாம்.

காணி வழக்கு நீளும், நீதிபதி இடமாற்றம் பெறுவார். பிறகு வருபவர் பதிவான சாட்சியத்தை வாசித்தே தொடர 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் இடமளிக்கிறது. சாட்சியின் முகத்தைப் பார்க்காதவர் தீர்ப்பெழுதுவதா என்று சட்டத்தரணிகள் குறைப்படுவதுண்டு. அந்த 54ஐப் பார்த்தால், அவர் இழந்தது அவ்வளவு பெரிதாக எனக்குத் தெரியவில்லை.