பழைய ரேடியோ ஸ்பீக்கர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி

வால்வு ரேடியோ தூக்கிட்டு வர்றவங்க நெறைய பேர் வரும்போதே தீர்ப்பு எழுதிட்டு தான் வருவாங்க. "சவுண்டு கரகரன்னு வருது, ஸ்பீக்கர் அவுட்டு, புதுசு ஒண்ணு மாட்டிக் குடுத்துடுங்க". போயிருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா என் டேபிளுக்கு வர்ற ஸ்பீக்கர்கள்ல வயசாகி கெட்டுப்போனது கம்மி, சரி பண்றேன்னு யாரோ கை வச்சு கெடுத்தது தான் ஜாஸ்தி. அந்தக் கடுப்புல தான் இத எழுதுறேன்.

பின் மூடிய கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு. சுவிட்ச ஆஃப் பண்ணா பத்தாது, பிளக்க புடுங்கணும், புடுங்கினதுக்கு அப்புறமும் ஃபில்டர் கண்டென்சர்ல (பவர் சப்ளைல கரண்ட்ட சேத்து வைக்கிறது) 250, 300 வோல்ட் நின்னுட்டு இருக்கலாம். ரெண்டு கிலோ ஓம்ஸ் பக்கத்துல ஒரு பெரிய வாட்டேஜ் ரெசிஸ்டர வச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பூஜ்யம் காட்டினப்புறம் உள்ள கை விடுங்க. மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி டிசி செட்டுன்னா இன்னும் உஷார், அதுல கரண்ட்டு ஒயர் ஒண்ணு நேரா சேசிஸுக்கே, அதாவது செட்டோட உலோகத் தட்டுக்கே வரும், ஸ்பீக்கர் ஃபிரேம் சேசிஸ்ல தொட்டுட்டு இருந்தா அதுலயும் ஷாக் அடிக்கும்.

இப்ப உண்மையான குத்தவாளி யாருன்னு பாக்கலாம். ஸ்பீக்கருக்கு வர்ற ரெண்டு ஒயர்ல ஒண்ண கழட்டிட்டு தான் மீட்டர் வைக்கணும். கழட்டாம வச்சீங்கன்னா வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்பார்மரோட செகண்டரி வைண்டிங் (ஸ்பீக்கர் பக்கத்துச் சுருள்) குறுக்க இருக்கும், வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரோட காகிதக் கூம்பான கோன ஆட்டுற சுருள்) அறுந்தே போயிருந்தாலும் மீட்டர் அரை ஓம்ஸ் காட்டி "நல்லா இருக்கு"ன்னு பொய் சொல்லும். கழட்டிட்டு பாத்தா 3 ஓம்ஸ் ஸ்பீக்கர் ரெண்டரை பக்கத்துல காட்டும், ஏன்னா மீட்டர் பாக்குறது டிசி ரெசிஸ்டன்ஸ், ஸ்பீக்கர்ல எழுதியிருக்கிறது இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்குக் காட்டுற தடை), ரெண்டும் ஒண்ணா இருக்காது. அப்புறம் ஒரு 1.5 வோல்ட் பேட்டரிய ஒரு நொடி தொட்டு எடுங்க, டப்புன்னு சத்தம் வந்து கோன் லேசா நகரணும்.

அதே இடத்துல நல்ல ஸ்பீக்கர் ஒண்ண தற்காலிகமா இணைச்சுக் கேளுங்க. அதுலயும் கரகரன்னா உங்க ஸ்பீக்கர் மேல தப்பே இல்ல. அவுட்புட் வால்வோட கன்ட்ரோல் கிரிட்ல, அதாவது சிக்னல் உள்ள வர்ற முனைல, டிசி வோல்டேஜ் பாருங்க (இதுக்கு செட்டு ஆன்ல இருக்கணும், ஒரு கைய பாக்கெட்டுக்குள்ள போட்டுட்டு பாருங்க), பூஜ்யத்துக்கு மேல பிளஸ்ல ஒரு வோல்ட் ரெண்டு வோல்ட் வந்தாலே அங்க இருக்கிற பேப்பர் கப்ளிங் கண்டென்சர் (சிக்னல மட்டும் விட்டு டிசிய தடுக்குறது) லீக்குன்னு சந்தேகப்படணும். இத கவனிக்காம ஸ்பீக்கர மட்டும் மாத்திட்டு ஓட்டினா வால்வு கன்னாபின்னான்னு கரண்ட்டு இழுக்கும், கடைசில அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பிரைமரி (வால்வு பக்கத்துச் சுருள்) எரிஞ்சு போகும்.

பிரைமரி அறுந்தா வர்ற அறிகுறி வேற. சத்தம் சுத்தமா நின்னுடும், வால்வோட பிளேட்டுக்கு வோல்டேஜ் போகாது, ஆனா ஸ்கிரீன் கிரிட்டுக்கு (வால்வுக்குள்ள இருக்கிற இன்னொரு கம்பிச் சுருள்) மட்டும் போயிட்டே இருக்கும், மொத்த கரண்ட்டும் அது வழியா போய் வால்வுக்குள்ள கம்பி செவசெவன்னு பழுத்துத் தெரியும். அத பாத்தா உடனே ஆஃப் பண்ணுங்க. அதே மாதிரி ஸ்பீக்கர கழட்டி வச்சுட்டு செட்ட ஆன் பண்ணி வால்யூம் திருப்பிப் பாக்குற பழக்கம் சில பேருக்கு இருக்கு, லோடு இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மர்ல வோல்டேஜ் எகிறி உள்ளயே ஸ்பார்க் அடிச்சிடும்.

சரி, ஸ்பீக்கர் தான் பிரச்சனைன்னு உறுதியாயிடுச்சு, கழட்டணும். இங்க தான் பெரும்பாலான கோன் சாகுது. நிரந்தர காந்தம் வச்ச ஸ்பீக்கர்ல ஸ்குரூடிரைவர் பக்கத்துல போனாலே காந்தம் இழுக்கும், கை கொஞ்சம் தளர்ந்தா போதும், நுனி நேரா காகிதத்துல எறங்கிடும். எலி கடிச்ச ஓட்டைய விட ஸ்குரூடிரைவர் போட்ட ஓட்டைய தான் நான் நெறைய ஒட்டியிருக்கேன். கோன் மேல ஒரு தடி அட்டைய வச்சுட்டு திருகுங்க, துருப்பிடிச்ச திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய விட்டு மறுநாள் வரைக்கும் விடுங்க, அந்த எண்ணெய் கோன்ல மட்டும் படக்கூடாது. கழட்டின ஸ்பீக்கர இரும்புத்தூள் கெடக்குற டேபிள்ல வைக்காதீங்க, தூள் காந்த இடுக்குல போய் உக்காந்துச்சுன்னா வெளிய எடுக்கிறது பெரும்பாடு.

கிழிஞ்ச கோனுக்கு பிளாஸ்டர், செல்லோடேப், சூப்பர் குளூ, சிலிக்கான், எல்லாத்தையும் பாத்தாச்சு. எதுவும் ஆகாது. டேப்போட பசை வருஷம் போனா உருகி வழியும், சூப்பர் குளூ கல்லு மாதிரி இறுகி அதுக்குப் பக்கத்துலயே புதுசா கிழியும், வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கானோட ஆவி செம்பு ஒயர அரிக்கும். மெல்லிசா நார் தெரியிற காகிதம் தான் வேணும், டீ பேக்க வெட்டி தூள கொட்டிட்டு அந்தப் பேப்பர எடுத்தாலே போதும். கத்தரியால வெட்டாம கையால கிழிங்க, ஓரம் பஞ்சு பஞ்சா இருந்தா தான் கோனோட படிஞ்சு ஒட்டும். மரத்துக்குப் போடுற வெள்ளப் பசைய பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, கிழிசலோட ரெண்டு ஓரத்தையும் சரியா சேத்து, பின்பக்கமா ஒரே ஒரு லேயர் போடுங்க. தண்ணி ஜாஸ்தியாச்சுன்னா கோன் ஊறி கோணிக்கும், பசை ஜாஸ்தியாச்சுன்னா கோன் கனமாகி சத்தம் மந்தமாயிடும். ஓரத்துல அலை அலையா மடிப்பு இருக்கே அங்க இந்தப் பசை வேணாம், அந்த இடம் வளையணும், காஞ்சாலும் ரப்பர் மாதிரி இழுபடுற பசை தான் சரி.

கோன் முழுசா இருந்தும் கொரகொரன்னா வாய்ஸ் காயில் உரசுது. ரெண்டு கட்டைவிரலையும் கோனோட எதிரெதிர் பக்கத்துல வச்சு சமமா மெதுவா அமுக்கி, காத பக்கத்துல வச்சுக் கேளுங்க, சரக் சரக்னு வந்தா அது தான். காயிலுக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் இடம் கூட இருக்காது, ஈரத்துல கோன் கொஞ்சம் கோணினாலே போய் முட்டும். ரொம்பப் பழைய ஸ்பீக்கர்ல ஸ்பைடர (காயில நடுவுல நிறுத்துற வளையம்) புடிச்சிட்டு இருக்கிற திருகு இருக்கும், அத லேசா தளர்த்தி, பழைய போட்டோ ஃபிலிம் துண்டு மூணு நாலு காயில சுத்தி சொருகி, மறுபடி இறுக்கிட்டு உருவினா நடுவுக்கு வந்துடும். திருகு இல்லாம ஒட்டின டைப்புன்னா நடுவுல இருக்கிற மூடிய கரைச்சு எடுக்கணும், அசிட்டோன சொட்டு சொட்டா பிரஷ்ல தான் தொடணும், வழிஞ்சு காயிலுக்குப் போனா சுத்தினதே அவுந்து வந்துடும். கைப்பழக்கம் இல்லாதவங்க இந்த வேலைய எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட விட்டுடுங்க. காந்தத்த மட்டும் யாரும் பிரிக்காதீங்க, அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தத்த அதோட இரும்புக்கூட்டுல இருந்து தனியா எடுத்தாலே சக்தி எறங்கிடும், திரும்ப மாட்டினாலும் பழைய சத்தம் வராது.

கோன அமுக்கும்போது சத்தம் விட்டு விட்டு வந்தா கோனுக்குப் போற பின்னல் ஒயர் அறுந்திருக்கு, அதுக்கு சாதா ஒயர் போட்டா வளைஞ்சு வளைஞ்சு சீக்கிரமே ஒடியும், அதே பின்னல் ஒயர் தான் போடணும்.

இப்ப புது ஸ்பீக்கர் மாட்டுற விஷயம். இன்னைக்கு நாம பாக்குற டைப் ஸ்பீக்கருக்கு வழி போட்டது 1925ல ஜெனரல் எலக்ட்ரிக்ல இருந்த ரைஸும் கெல்லாக்கும். அப்ப அதுக்குத் தோதான பலமான நிரந்தர காந்தம் கைக்கு வரல, அதனால ஃபீல்டு காயில்னு ஒரு பெரிய சுருள்ல கரண்ட்டு விட்டு காந்தமாக்கினாங்க, அந்தச் சுருளையே பவர் சப்ளைல சோக்காவும் (கரண்ட்டோட ஏற்ற இறக்கத்த வடிகட்டுற சுருள்) உபயோகிச்சாங்க. இது தெரியாம பழச தூக்கிப் போட்டுட்டு காந்த ஸ்பீக்கர் மாட்டினா எச்.டி. சப்ளையே (வால்வுக்குப் போற உயர் வோல்டேஜ்) அறுந்துடும், ஒயர நேரா சேத்து விட்டாலோ வோல்டேஜ் ஏறி, ஹம்மும் வந்து, கண்டென்சர் வெடிக்கிற நிலைமைக்குப் போகும். 1500 ஓம்ஸ் ஃபீல்டு காயில்ல 60 மில்லி ஆம்பியர் போகுதுன்னா 90 வோல்ட் அங்கயே இறங்குது, அஞ்சரை வாட் கிட்ட சூடாகுது. அந்த இடத்துல அதே ஓம்ஸ் வர்ற மாதிரி சோக்கும் ரெசிஸ்டரும் சேத்துப் போடணும், தனி ரெசிஸ்டர்னா 10 வாட்டுக்குக் கம்மியா போடாதீங்க, ஹம்ம அடக்க ஃபில்டர் கண்டென்சரையும் கொஞ்சம் கூட்டணும்.

ஓம்ஸும் பொருந்தணும். 3 ஓம்ஸ் இருந்த எடத்துல 8 ஓம்ஸ் போட்டா வால்வு பாக்குற லோடு ரெண்டரை மடங்குக்கு மேல ஏறிடும், பாடும் தான், ஆனா அந்த செட்டோட குரல் இருக்காது. பழைய டிரான்சிஸ்டர் செட்ல இதுக்கு நேர் எதிர் ஆபத்து, டிரான்ஸ்பார்மர் இல்லாம நேரடியா ஓடுற சில செட்டுக்கு அதிக ஓம்ஸ் ஸ்பீக்கர் தான் வச்சிருப்பாங்க, அங்க கைல கெடைச்ச 4 ஓம்ஸ மாட்டினா ஜெர்மானியம் அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடாகியே போயிடும்.

திரும்ப மாட்டும்போது திருகெல்லாத்தையும் குறுக்குக்குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, ஒரே பக்கமா இறுக்கினா ஃபிரேம் முறுக்கி காயில் மறுபடி உரசும். மொதல்ல சின்ன சத்தத்துல கொஞ்ச நேரம் ஓடட்டும். அப்பவும் எங்கயோ பர்ர்ருன்னு அதிருதுன்னா திரும்ப கோன நோண்டாதீங்க, டயல் கண்ணாடி, லூசான பலகை, முன்னாடி இருக்கிற துணி, ஒவ்வொண்ணா விரலால அமுக்கிப் பாருங்க, எத அமுக்கினா சத்தம் நிக்குதோ அத சரி பண்ணா போதும்.