கிளைவும் நனைந்த மருந்தும்

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, மாறுவேடத்தில் தப்பிக் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார் ராபர்ட் கிளைவ். அப்போது அவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர். ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிக்கொள்ளாமல் இருந்திருந்தால், கணக்கு எழுதியே காலத்தை ஓட்டியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அந்த வாரிசுச் சண்டையில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி ஒரு பக்கம், ஆங்கிலேயரின் கடலூர் மறுபக்கம். 1751இல் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு இடிமழையில் நடந்துபோய் ஆற்காட்டைப் பிடித்தார். ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அதோடு பெரிய தளபதி.

மழையில் நடக்கலாம். சுட முடியுமா?

அன்றைய துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசும்; பொறி பக்கவாட்டுக் கிண்ணத்து வெடிமருந்தில் விழும்; சிறு துளை வழியே தீ உள்ளே போகும். மருந்தில் 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு தரும் ஆக்சிஜனில் மற்ற இரண்டும் எரிந்து, கிளம்பும் வாயு குண்டைத் தள்ளுகிறது. நனைந்தால் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே போய்விடும். வெயிலில் காயவைத்தும் பெரிதாகப் பயனில்லை: கரைந்த வெடியுப்பு கரியை விட்டுப் பிரிந்து தனியாகப் படிந்திருக்கும்.

மழையே வேண்டாம், கடற்காற்று போதும். ஐப்பசியில் கடலூர் வீடுகளில் உப்பு ஜாடி தண்ணீர் விடுமே, அந்தக் கறியுப்புதான் இங்கும் வில்லன். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை இழுக்கும். சுத்தமான வெடியுப்போ 90 வரை அசையாது. மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கும்போது இரண்டும் கலந்தே வரும். பிரிப்பது எளிது. 100 மில்லி கொதிநீரில் சுமார் 240 கிராம் வெடியுப்பு கரையும். 20 டிகிரிக்கு ஆறினால் 30 கிராம் சொச்சம்தான் நிற்கும், மிச்சம் ஊசி ஊசியாகப் படியும். கறியுப்பின் கரைதிறன் சூட்டில் அவ்வளவாக மாறாது. அது நீரிலேயே தங்கிவிடும்.

சரி, சுத்தமான மருந்தானாலும் அடைமழைக்கு மூடி வேண்டும். 1756இல் கிளைவ் அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு ஆளுநர். மறுவருடம் ஜூன் 23, வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவோடு மோதிய பிளாசியில் நண்பகல் மழை கொட்டியது. அங்கே கிளைவ் வென்றதற்கு நவாபின் தளபதி மீர் ஜாபரின் துரோகம்தான் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிப் படை மருந்தைத் தார்ப்பாயால் மூடியது. நவாபின் மருந்து நனைந்து பீரங்கிகள் ஓய்ந்தன. எதிரியின் மருந்தும் நனைந்திருக்கும் என்று நம்பிப் பாய்ந்த நவாபின் இன்னொரு தளபதி மீர் மதன், பீரங்கிச் சூட்டில் விழுந்தார்.