ஹிஞ்ச் உடைந்த லேப்டாப்பில் பசை ஊற்றாதீர்கள்

போன சனிக்கிழமை ஏற்காட்டிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்து இறங்கியிருக்கிறார்கள். "திங்கக்கிழமை புராஜெக்ட் காட்டணுங்கண்ணா, மூடி மட்டும் நிக்கற மாதிரி பண்ணிக் குடுத்தாப் போதுங்க" என்றது அந்தப் பொண்ணு.

அடி மூடியைத் திறக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. ஹிஞ்ச், அதாவது மூடியைத் திறந்து மூட உதவுகிற கீல், அதன் ஓரம் முழுக்க சூப்பர் க்ளூ. மூடி, ஸ்க்ரூ, ஹிஞ்ச் எல்லாம் ஒரே கட்டி. பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துத் திறந்தால், ஹிஞ்ச் வழியாகப் போகிற டிஸ்ப்ளே கேபிளும் பசையில் ஒட்டிக் கிடந்தது. அதை விடுவிக்கும்போதே மேலுறை பிய்ந்து வந்துவிட்டது. பாடியின் குட்டிப் பிளாஸ்டிக் தூண்களுக்குள் பதிந்திருக்க வேண்டிய மூன்று பித்தளை நட்டுகளும், ஹிஞ்ச்சைப் பிடிக்கிற ஸ்க்ரூவிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும், வேரோடு பிடுங்கிய பல்லில் சதை ஒட்டியிருப்பதுபோல, துளி பிளாஸ்டிக். நட்டுக்கு மட்டும் முடிந்திருக்க வேண்டிய செலவு, கேபிளுக்கும் சேர்ந்து போனது. அந்த அப்பாவிடம் தொகையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மாதத்தில் இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

பசை ஏன் ஆகாது? "ஒட்டிப் பார்த்தேன்ணா, கல்லு மாதிரி நின்னுச்சு" என்கிறார்கள். நிற்கும். மேசையில் சும்மா இருக்கும்வரை நிற்கும். அந்தப் பசை இறுகினால் கண்ணாடி மாதிரி. நேராக இழுத்தால் தாங்கும், ஓரத்திலிருந்து நெம்பினால் விட்டுவிடும். மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஹிஞ்ச் செய்கிற வேலையே நெம்புவதுதான். கடப்பாறையால் கல்லைப் பெயர்க்கிற அதே கணக்கு. நீளமான மூடி ஒரு பக்கம், அரை அங்குல நட்டு வரிசை மறுபக்கம். போதாததற்குப் பல மாடல்களில் ஃபேனின் சூடான காற்று வெளியேறும் இடமும் ஹிஞ்ச் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் சூடு, தினமும் நெம்பு. பத்து நாளில் மறுபடி டக்கென்று சத்தம் வரும். அப்போது இன்னொரு டியூப் ஊற்றுவார்கள்.

பசை ஊற்றிய இடத்தில் ஒழுங்கான வேலையும் செய்ய முடியாது. அதைச் சுரண்டி எடுக்காமல் சூடு காட்டினால் வருகிற புகை கண்ணைக் கரிக்கும், மூச்சை அடைக்கும். தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் இதை மனதில் வையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஃபேன் போட்டு உட்காருங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர்களிடம் போய், திருகாணி மரை போய்விட்டது, பசை வைத்து ஒட்டிக்கொடுங்கள் என்று கேட்பீர்களா? மரை போனால் மரையைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றுவது எப்படி? அந்தக் குட்டிப் பிளாஸ்டிக் தூண் உடையாமல், நட்டு மட்டும் உருவிக்கொண்டு வந்திருந்தால் வேலை சுலபம். கொஞ்சம் தடித்த பித்தளை இன்சர்ட் (பிளாஸ்டிக்கில் பதிக்கிற நட்டு) எடுத்து, சால்டரிங் அயர்ன் முனையால் சூடு காட்டி இறக்கிவிடலாம். வெளிப்புறத்தில் எதிரெதிர்ச் சாய்வாக வரி வெட்டியது வாங்குங்கள். உருகிய பிளாஸ்டிக் அந்த வரிகளுக்குள் ஓடி இறுகுவதுதான் பிடிப்பு. சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடிக்கு 230 முதல் 250 டிகிரி போதும். அழுத்தவே வேண்டாம், அயர்னின் எடையே இறக்கிவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் நட்டு சாயும், சாய்ந்த நட்டில் ஸ்க்ரூ குறுக்கே ஏறும். முக்கால் பாகத்துக்கு மேல் இறங்கியதும் அயர்னை எடுத்துவிட்டு, ஒரு தட்டையான இரும்புத் துண்டால் சமமாக அமுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். ஓட்டை நட்டைவிட ஆழமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருகியது அடியிலிருந்து மரைக்குள் ஏறிவிடும். எம்3 நட்டுக்கு (3 மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஏறுகிறது) பொதுவாக 4 மில்லிமீட்டர் ஓட்டை. லேப்டாப்பில் பெரும்பாலும் எம்2, எம்2.5தான் வரும், அதற்கேற்பச் சிறுக்கும்.

தூணே நொறுங்கிப் போயிருந்தால் கதை வேறு. நட்டு பிடித்துக்கொள்ள அங்கே எதுவுமே இல்லையே! இரண்டு டியூப் கலக்கிற எபாக்சியில் தூணைக் கட்டி, அது ஈரமாக இருக்கும்போதே நட்டைப் பதிக்க வேண்டும். ஸ்க்ரூவில் துளி கிரீஸ் தடவி, ஹிஞ்ச்சை அதனிடத்தில் வைத்தே இறுகவிட்டால் நட்டு இடம் பிசகாது. ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது. பிறகு சூடு காட்டி நட்டை இறக்கலாம் என்று நினைக்காதீர்கள், இறுகிய எபாக்சி சூட்டில் உருகாது, கருகும்.

உருகாத இன்னொன்று பேக்கலைட். குக்கர் கைப்பிடியில் ஸ்க்ரூ நிற்கவில்லை, நட்டு சூடு பண்ணி இறக்கிக்கொடுங்கள் என்று ஓர் அக்கா வந்தார். செய்ய மாட்டேன். கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குகிற பிடி அது. புதுப் பிடி வாங்கிப் போடுங்கள்.

நட்டு மாற்றியதோடு வேலை முடியவில்லை. ஹிஞ்ச் ஏன் பிய்த்தது? அது இறுகிப்போனதால். அதன் கோடியில் இருக்கிற சிறு நட்டைக் கொஞ்சம் தளர்த்தாமல் மூடினால், புது நட்டையும் பிடுங்கிவிடும். அப்படிப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்த வேலைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பின பேட்டரியும் கைவைக்கிற பேனலைத் தூக்கித் தூண்களை உடைக்கும். அதைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள்.

வீட்டில் நீங்களே திறக்கிறவரா? முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். சூடு வைக்கிற பேனலில் போர்டோ கேபிளோ ஒன்றும் இருக்கக் கூடாது. மரை போன இடத்தில் நீள ஸ்க்ரூ போடாதீர்கள், அது பேனலைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறுகிற ஸ்க்ரூவை, முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்பி, அது டக்கென்று பழைய மரையில் விழுந்த பிறகு முறுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டினால் அந்த ஓட்டை எத்தனை நாள் தாங்கும்?

மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறக்காதீர்கள், நடுவில் பிடியுங்கள். திறக்கும்போது ஓரம் வாயைப் பிளந்தாலோ, ஒரு சின்ன சத்தம் கேட்டாலோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே கொண்டுவாருங்கள். பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப்தானே என்று கூச்சப்பட வேண்டாம், அதற்கும் இதே வேலைதான். உள்ளே கலகலவென்று உருளுகிற பிளாஸ்டிக் துண்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். ஒன்று விடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துவாருங்கள். தூணைத் திரும்பக் கட்டும்போது எந்த உயரத்துக்குக் கட்ட வேண்டும் என்று அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.