கத்தி படுவதற்கு முன் போடும் ஊசி

"ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திட்டாங்க டாக்டரம்மா. நீங்களாவது ஒரு வாரத்துக்கு எழுதிக் குடுங்க."

கோத்தகிரியில் என் கிளினிக்குக்குக் கணவரை அழைத்து வந்த ஓர் அக்கா கேட்டது இது. தேயிலை பறிப்பவர். கணவருக்குக் கோவையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சாதாரணச் சளிக்கே ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் பழகிய நமக்கு, இத்தனை பெரிய ஆபரேஷனுக்கு ஒரே நாள் ஊசி என்றால் பயம் வரத்தான் செய்யும்.

காயத்தில் கிருமி தொற்றாமல் தடுக்கத்தான் இந்த ஊசி. இதற்கு நாள் கணக்கைவிட மணிக் கணக்குதான் முக்கியம். தோலைக் கீறும் அந்த நொடியில் மருந்து ரத்தத்திலும் சதையிலும் போதுமான அளவு இருந்தாக வேண்டும். அதனால்தான் செஃபசோலின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசியைக் கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடுகிறார்கள். கல்லீரல் மாற்று போல நெடுநேரம் நீளும் ஆபரேஷனில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுவதும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள் உடம்பில் மருந்து அதிக நேரம் தங்கும், அவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். 1961இல் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் கினிப் பன்றிகளை வைத்து இதைச் சோதித்தார். கிருமி புகுந்து மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்தால் காயத்துக்குப் பலனே இல்லை.

அப்படியென்றால் கூடுதலாகப் போட்டால் என்ன கெட்டுவிடும்? நிறையக் கெடும். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் சாகும், மருந்துக்கு அடங்காதவை பெருகும், கடும் வயிற்றுப்போக்கு வரும். வயிற்றுப்போக்கு வந்தால், புது உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமல் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். புதுச் சிறுநீரகத்தைக் காக்கும் அந்த மருந்தே, அளவு கூடினால் அதைப் பாதிக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நுரையீரலில் வரும் ஒருவகை நிமோனியாவைத் தடுக்க கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையைப் பல மாதங்கள் தரச் சொல்லியிருப்பார்கள். அது வேறு. 'ஆன்டிபயாட்டிக் அதிகம் வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னாங்க' என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு இன்னும் மனசு ஆறாத ஒன்று உண்டு. உறுப்பு மாற்று செய்துகொண்ட ஒரு தம்பி, இருமலுக்கு மெடிக்கலில் கேட்டு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டார். நான்காம் நாள் என் முன்னால் டீ டம்ளரைப் பிடித்தபோது டம்ளர் தளும்பியது. அப்படிக் கை நடுக்கம். கிளாரித்ரோமைசின் டாக்ரோலிமஸ் கழிவதைத் தடுத்து அளவை ஏற்றிவிடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினினும் ஏறியிருந்தது. நல்ல வேளை, மீண்டுவிட்டார். நம் ஊரில் மழையும் பனியும் சேர்ந்தால் இருமல் வராத வீடு கிடையாது. மருந்து வாங்குவதற்கு முன் உங்கள் டிரான்ஸ்பிளான்ட் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

உறுப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கும் ஒன்று. நடுராத்திரியில் 'உறுப்பு கிடைச்சிருக்கு, வாங்க' என்று அழைப்பு வந்ததும், ஜீப் பிடிப்பதற்குள் பிளேடால் வயிற்றை மழித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடியை எடுப்பது அவசியமென்றால் அங்கேயே மெஷினால் எடுப்பார்கள். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் போதும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, டயாலிசிஸ் குழாயில் முன்பு சீழ் வந்தது என்ற விவரங்களை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

மலையில் இருக்கும் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கிருமி ரத்தத்தில் ஏறும்போது வரும் நடுக்கத்தை 'குளிருதுப்பா' என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோம். ஸ்வெட்டர், சால்வை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் காயத்தை நாலு நாளாக யாருமே பார்ப்பதில்லை. உறுப்பு மாற்றுக்குப் பின் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் ஏறாமலேயே சீழ் பிடிக்கலாம், வலிகூடக் குறைவாகத் தெரியலாம். அதனால் தினமும் நல்ல வெளிச்சத்தில் தையலைப் பாருங்கள். சிவப்பு, சூடு, கசிவு எது இருந்தாலும் கோவைக்குச் சொல்லிவிடுங்கள்.

அந்த அக்காவுக்கு நான் ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை. ஒரு தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னேன். காலையும் இரவும் பார்த்து, பையனின் பழைய ரஃப் நோட்டில் எழுதி வைக்கிறார். 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்பிவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் எப்போது மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது.